விதிகள் இலவசம், டூல் யார் கையில்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் இன்டர்நெட் வழியாக ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். இருவர் பெங்களூரில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில், நான் சென்னையில். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி. சில மாதங்களுக்கு முன்னால் எங்களில் ஒருவர், புதிய மந்திரங்களும் புதிய வகை வீரர்களும் அடங்கிய ஒரு பி.டி.எப். புத்தகம் வாங்கினார். அது விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் வெளியிட்டதல்ல. இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு சிறிய பதிப்பகத்தின் வெளியீடு. நல்ல புத்தகம். பணம் கட்டி டவுன்லோட் செய்ய இரண்டு நிமிடம் ஆனது.

ஆனால் நாங்கள் பயன்படுத்தும் ஆன்லைன் டூலில் அந்தப் புத்தகம் கிடையாது. எனவே தன் வீரருக்கு வேண்டியதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக டைப் செய்து ஏற்றினார். மூன்று மாலைகள் போயின. ஒரு மந்திரத்தின் டேமேஜ் எண்ணைத் தவறாக அடித்துவிட்டு, அது விளையாட்டின் நடுவில் தெரிய வந்து, அரை மணி நேரம் வாக்குவாதம் வேறு. எல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னார்: "இனிமே டூல்ல இருக்கிற புக்கை மட்டும்தான்டா வாங்குவேன்."

அந்தச் சிறிய பதிப்பகத்தாரின் காதில் இது விழுந்திருந்தால் பயந்து போயிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை வெளியிட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. லைசென்ஸில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அடுத்த புத்தகத்திற்கு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். இந்தத் துறையில் லைசென்ஸ் என்ன செய்கிறது, சாப்ட்வேர் என்ன செய்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. இன்று இந்த விளையாட்டில் நடப்பது, நாளை வேறு எந்தத் துறையிலும் நடக்கலாம்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

டேபிள் டாப் ரோல் பிளேயிங் கேம் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியே விளையாடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். டி அண்ட் டியில் முக்கியமான பகடைக்கு 20 பக்கங்கள். வீரரின் பலம், சாமர்த்தியம், கவசம், உயிர்ப் புள்ளிகள் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும்.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய டி அண்ட் டிதான் இவ்வகை விளையாட்டுகளில் முதலில் விற்பனைக்கு வந்தது. அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-ல் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் வாங்கியது. 1999-ல் விசார்ட்ஸை பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கியது.

விதிப் புத்தகத்தை ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் கதைகளும் பூதங்களும் வாராவாரம் தேவைப்படும். அவற்றை எழுதி விற்பவர்கள்தான் தேர்ட் பார்ட்டி பதிப்பாளர்கள். பிரவுசருக்கு வெளியாட்கள் பிளக்-இன் எழுதுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இவர்களில் பெரும்பாலோர் மிகச் சிறிய நிறுவனங்கள். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் எழுதுபவர்கள்.

2000-ல் வந்த லைசென்ஸ்

அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டை விளையாடும் முறைக்கு காப்பிரைட் கிடையாது. 20 பக்கப் பகடையை உருட்டி, வரும் எண்ணுடன் பலத்தைக் கூட்டுவது யாருக்கும் சொந்தமல்ல. அதை விளக்கி எழுதிய வாக்கியங்களுக்குத்தான் காப்பிரைட். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று கேட்டால் வக்கீலுக்கு வக்கீல் பதில் மாறும். டி.எஸ்.ஆர். அந்தக் கோட்டைத் தனக்குச் சாதகமாகப் போட்டு, மேபேர் கேம்ஸ் என்ற பதிப்பகத்தின் மீது வழக்கே தொடுத்தது. வழக்கில் ஜெயிப்போமா தோற்போமா என்பதல்ல சிறிய பதிப்பாளரின் கவலை. வழக்கு நடத்தப் பணம் இல்லை என்பதுதான்.

2000-ல் டி அண்ட் டியின் மூன்றாம் பதிப்பு வந்தபோது விசார்ட்ஸ் நேர் எதிரான வழியில் போனது. அங்கே பணியாற்றிய ரயன் டான்சி, லினக்ஸ் போன்ற சாப்ட்வேர்களுக்குப் பயன்படும் ஜி.பி.எல். லைசென்ஸைப் பார்த்து, அதே மாதிரி இதற்கும் செய்யலாம் என்றார். அவருடைய கணக்கு எளிமையானது. வெளியாட்கள் எவ்வளவு அதிகமாகக் கதை எழுதுகிறார்களோ அவ்வளவு பேர் இந்த விதிகளைப் பயன்படுத்துவார்கள். முதன்மை விதிப் புத்தகத்தை விற்பது விசார்ட்ஸ்தானே! இப்படிப் பிறந்ததுதான் ஓப்பன் கேம் லைசென்ஸ், அதாவது ஓ.ஜி.எல். அதனுடன் எஸ்.ஆர்.டி. என்ற விதித் தொகுப்பும் இலவசமாகத் தரப்பட்டது.

ஓ.ஜி.எல். ஒரு புத்தகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எது திறந்த பகுதி, எது எங்கள் சொந்த அடையாளம் என்று பதிப்பாளர் தெளிவாகக் காட்ட வேண்டும். திறந்த பகுதியை யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். பெயர்கள், உலகங்கள், சில பூதங்கள் மூடிய பகுதியில் இருக்கும். கண்ணால் கொல்லும் பிஹோல்டர், மூளையைத் தின்னும் மைண்ட் பிளேயர் இரண்டையும் விசார்ட்ஸ் எஸ்.ஆர்.டி.க்கு வெளியிலேயே வைத்துக்கொண்டது. புத்தகத்தின் இறுதியில் லைசென்ஸை முழுமையாக அச்சிட வேண்டும். அதன் 15-ஆம் பிரிவில், யார் யாரிடமிருந்து எடுத்தோமோ அத்தனை பேரின் காப்பிரைட் வரிகளையும் சேர்க்க வேண்டும். பைலின் மேலே காப்பிரைட் ஹெட்டர் எழுதும் நம் பழக்கம்தான். பழைய புத்தகம் ஒன்றில் இந்தப் பட்டியல் ஒரு முழுப் பக்கத்தைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் செய்த பூதத்தை மற்றவர் மாற்றி, அதை மூன்றாமவர் எடுத்து... ஒரு குடும்ப வம்சாவளி போல இருக்கும்.

இதே சமயத்தில் இன்னொரு லைசென்ஸும் வந்தது. டி20 என்ற லோகோவை அட்டையில் போட்டுக்கொள்ள அனுமதிக்கும் லைசென்ஸ். கடைக்காரர்களுக்கு அந்த லோகோதான் அடையாளம். ஆனால் இது டிரேட்மார்க் லைசென்ஸ். விசார்ட்ஸ் நினைத்தால் மாற்றலாம், நிறுத்தலாம். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் கேம்களில் இந்த லோகோவைப் போடக்கூடாது என்று அப்போதே நிபந்தனை இருந்தது. புத்தகம் எழுது, சாப்ட்வேர் பக்கம் வராதே என்ற எண்ணம் 2000-லேயே தொடங்கிவிட்டது.

முதல் அடி 2003-ல் விழுந்தது. மூன்றாம் பதிப்பைத் திருத்தி 3.5 வெளியானதும், பழைய பதிப்புக்கு எழுதப்பட்ட புத்தகங்கள் கடைகளில் தேங்கின. 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது டி20 லோகோ லைசென்ஸே முடிவுக்கு வந்தது. புதிய பதிப்புக்கு ஓ.ஜி.எல். தரப்படவில்லை, ஜி.எஸ்.எல். என்ற கெடுபிடியான லைசென்ஸ்தான் தரப்பட்டது. 2007 வரை விசார்ட்ஸுக்காகப் பத்திரிகைகள் நடத்தி வந்த பைசோ நிறுவனம் அதை ஏற்கவில்லை. 3.5-ன் எஸ்.ஆர்.டி. ஓ.ஜி.எல்.லில் வெளியாகியிருந்ததால், அதிலிருந்தே பாத்பைண்டர் என்ற விளையாட்டை உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. போட்டியாளர் ஆகவே ஆகிவிட்டது. இதுதான் நல்ல லைசென்ஸின் பலம். கொடுத்தவர் மனம் மாறினாலும் வாங்கியவர் தெருவுக்கு வருவதில்லை.

நான்காம் பதிப்பு தந்த பாடம்

லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2008-ஐ இத்துடன் முடித்துவிடுவார்கள். என் பார்வையில் முக்கியமான விஷயம் வேறு. நான்காம் பதிப்புடன் டி அண்ட் டி இன்சைடர் என்ற மாதச் சந்தா சேவையும் வந்தது. அதில் கேரக்டர் பில்டர் என்ற சாப்ட்வேர் இருந்தது. விசார்ட்ஸ் வெளியிட்ட எல்லாப் புத்தகங்களின் விதிகளும் அதற்குள் இருக்கும். கிளிக் செய்து கொண்டே போனால் வீரர் தயார். பிரிண்ட் எடுத்துக் கொண்டு விளையாடப் போகலாம்.

வசதி என்றால் வசதிதான். ஆனால் தேர்ட் பார்ட்டி புத்தகங்களுக்கு அதில் இடம் இல்லை. ஜி.எஸ்.எல்.லில் கையெழுத்துப் போட்டு முறையாக எழுதியவருக்கும் இல்லை. பில்டரில் இல்லாத ஒன்றை மேஜைக்குக் கொண்டு வந்தால் தாளில் கையால் எழுதிக் கணக்குப் போட வேண்டும். எங்கள் நண்பரின் மூன்று மாலைகள்தான்!

முதலில் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் புரோகிராமாக இருந்த பில்டர், 2010 நவம்பரில் சில்வர்லைட் வழியாக இயங்கும் இணைய தள சேவையாக மாறியது. சில்வர்லைட்டுக்கு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். 2020 தொடக்கத்தில் அந்த டூல்கள் மூடப்பட்டன. அதே காலத்தில் அச்சான புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

ஒரே பூதம், மூன்று பைல்கள்

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு பெரிய வெற்றி. 2016 ஜனவரியில் அதன் எஸ்.ஆர்.டி. மீண்டும் ஓ.ஜி.எல்.லில் வெளியானது. அதே மாதம் டி.எம்ஸ் கில்ட் என்ற விற்பனைத் தளமும் திறக்கப்பட்டது. அங்கே யாரும் எழுதி விற்கலாம். விசார்ட்ஸின் சொந்த உலகங்களையும் பயன்படுத்தலாம். எழுதியவருக்கு 50 சதவீதம். மீதியை விசார்ட்ஸும் தளத்தை நடத்துபவரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே வெளியிட்டதை வேறு எங்கும் விற்க முடியாது. ஆப் ஸ்டோர் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்குள் விளையாடும் இடமே மாறத் தொடங்கியிருந்தது. மேஜைக்குப் பதில் திரையில் வரைபடம், பகடை, வீரர் தாள் எல்லாம் வரும் விர்ச்சுவல் டேபிள் டாப் சாப்ட்வேர்கள் வந்தன. பேன்டசி கிரவுண்ட்ஸ் 2004-லேயே வந்துவிட்டது. பிரவுசரில் இயங்கும் ரோல்20 2012-ல் வந்தது. ஒரு முறை பணம் கட்டி நம் கம்ப்யூட்டரிலேயே இயக்கும் பவுண்ட்ரி 2020-ல் வந்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது, பகடையைக் கையால் தொட்டே பழகியவர்கள்கூட இவற்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.ஆர்.டி.யில் கோபிளின் என்ற குட்டிப் பூதம் இருக்கிறது. கவச எண் 15. உயிர்ப் புள்ளி 7, அல்லது ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டி வருவது. வளைந்த கத்தியால் தாக்கினால் 20 பக்கப் பகடையுடன் 4 கூட்ட வேண்டும்; பட்டால் ஆறு பக்கப் பகடை ஒன்றுடன் 2. பி.டி.எப்.பில் இது நான்கைந்து வரி. மனிதக் கண் படித்துப் புரிந்துகொள்ளும்.

சாப்ட்வேருக்கு அது போதாது. 15 என்பது கவச எண் என்ற பீல்டில் போக வேண்டும். கத்தி தனி ஐட்டம். அதன் மேல் கிளிக் செய்தால் பகடை உருள வேண்டும். விழுந்த அடி எதிரியின் உயிர்ப் புள்ளியில் தானாகக் கழிய வேண்டும். பவுண்ட்ரிக்கு இதை ஜாவா ஸ்கிரிப்ட் உலகத்து டேட்டாவாகத் தர வேண்டும். பேன்டசி கிரவுண்ட்ஸுக்கு எக்ஸ்.எம்.எல். பைலாக. ரோல்20-க்கு அதன் சொந்த வீரர் தாள் முறையில். ஒன்றுக்குச் செய்தது மற்றதற்கு உதவாது. எல்லோருக்கும் பொதுவான பைல் பார்மட் என்று ஒன்று உருவாகவே இல்லை.

கோபோல்ட் பிரஸ் என்ற தேர்ட் பார்ட்டி பதிப்பகம் 2016-ல் வெளியிட்ட டோம் ஆப் பீஸ்ட்ஸ் புத்தகத்தில் 400-க்கும் மேற்பட்ட பூதங்கள். ஒரு பூதத்துக்கு, சரிபார்ப்பதையும் சேர்த்து, அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே 200 மணி நேரம். இது ஒரு சாப்ட்வேருக்கு மட்டும்! கோபோல்ட் பிரஸ் ஓரளவு வளர்ந்த நிறுவனம், சமாளிக்கும். இரண்டு பேர் உள்ள பதிப்பகம் என்ன செய்யும்? எழுதியவரே ராத்திரியில் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும், அல்லது புரோகிராமருக்குப் பணம் தர வேண்டும். சாப்ட்வேர் புதிய வெர்ஷனுக்கு மாறினால் பழைய மாட்யூல் இயங்காமல் போகலாம். அதையும் திருத்த வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ஆனால் ஓ.ஜி.எல். இதிலும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. திறந்த பகுதியை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், ஆர்வலர்கள் தாமே டேட்டாவாக மாற்றினார்கள். பிசிஜென் என்ற ஜாவா சாப்ட்வேரைப் பாருங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். வீரர் தயாரிக்கும் வேலையைச் செய்யும். பல தேர்ட் பார்ட்டி புத்தகங்களின் திறந்த பகுதிகள் அதில் சாதாரண டெக்ஸ்ட் பைல்களாகவே உள்ளன. அடுத்த தலைமுறையில் ஓப்பன்5இ என்ற தளம் வந்தது. எஸ்.ஆர்.டி.யுடன் டோம் ஆப் பீஸ்ட்ஸ் பூதங்களும் அதில் இருக்கின்றன. ஏ.பி.ஐ. வழியாக நம் புரோகிராமுக்குள் நேராக இழுத்துக்கொள்ளலாம். இவை யாருடைய தயவிலும் நடக்கவில்லை, லைசென்ஸ் அனுமதித்ததால் நடந்தன.

இன்னொரு பக்கம் டி அண்ட் டி பியாண்ட் என்ற தளம் 2017-ல் வந்தது. அதிகாரப்பூர்வப் புத்தகங்களை வாங்கினால் வீரர் தயாரிக்கும் டூலுடன் இணைந்து வரும். நான்காம் பதிப்பின் பில்டருக்கு வாரிசு எனலாம். முதலில் வேறு நிறுவனத்தின் கையில் இருந்த இதை 2022-ல் ஹாஸ்ப்ரோ 14.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விளையாட்டுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த விலையிலேயே தெரிகிறது.

2023 ஜனவரியில் நடந்தது

2023 ஜனவரி 5-ஆம் தேதி கிஸ்மோடோ தளத்தில் ஒரு செய்தி வந்தது. ஓ.ஜி.எல். 1.1 என்ற புதிய லைசென்ஸின் நகல் வெளியே கசிந்திருந்தது. ஆண்டு விற்பனை 50,000 டாலரைத் தாண்டினால் கணக்கு காட்ட வேண்டும். 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் ராயல்டி. இது லாபத்தில் அல்ல, விற்பனையில். பத்து லட்சம் டாலருக்கு விற்றவர் 62,500 டாலர் கட்ட வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தை அச்சிட்டு, கப்பலில் வரவழைத்து, வீடு வீடாக அனுப்பிய பிறகு அந்த அளவு லாபமே மிஞ்சாத வருடங்கள் உண்டு. போதாததற்கு, 30 நாள் நோட்டீஸில் லைசென்ஸையே மாற்றலாம். நீங்கள் எழுதியதை விசார்ட்ஸ் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

செய்தித் தாள்களில் 25 சதவீதம்தான் பெரிதாக வந்தது. நான் இரண்டு முறை படித்த இடம் வேறு. இந்த லைசென்ஸ் அச்சுப் புத்தகங்களுக்கும், பி.டி.எப். போன்ற அசையாத பைல்களுக்கும் மட்டுமே பொருந்தும் என்று அதில் இருந்தது. அதாவது ஆப், விர்ச்சுவல் டேபிள் டாப், வீடியோ கேம் எதிலும் பயன்படுத்தத் தனி அனுமதி வாங்க வேண்டும். ராயல்டி பெரிய பதிப்பாளர்களைத்தான் பாதிக்கும். சிறியவர்களை வெளியே நிறுத்துவது இந்த வரி. காகிதத்தில் எழுதிக்கொள், மக்கள் விளையாடும் இடத்துக்குள் வராதே என்பதுதான் இதன் பொருள்.

பழைய 1.0ஏ லைசென்ஸிலேயே தொடரலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஒரு வார்த்தை காலை வாரியது. 1.0ஏ-யின் 9-ஆம் பிரிவு, இந்த லைசென்ஸின் "அங்கீகரிக்கப்பட்ட" எந்த வெர்ஷனையும் பயன்படுத்தலாம் என்கிறது. பிடிக்காத மாற்றம் வந்தால் பழையதிலேயே இருந்துகொள்ளலாம் என்பதே அதற்கு அர்த்தம் என்று விசார்ட்ஸே முன்பு தன் கேள்வி பதில் பக்கத்தில் விளக்கியிருந்தது. இப்போது அதே வார்த்தையை வைத்து, 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று சொல்ல முயன்றது. நிரந்தரமானது என்ற சொல் பழைய லைசென்ஸில் இருக்கிறது. திரும்பப் பெற முடியாதது என்ற சொல் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். வக்கீல்களுக்குத் தோன்றாது.

சாப்ட்வேர் உலகம் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. 1991-ல் வந்த ஜி.பி.எல். 2-ல் அந்தச் சொல் இல்லை. 2007-ல் வந்த ஜி.பி.எல். 3-ல் சேர்த்தார்கள். 2013-ல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0-விலும் இருக்கிறது. ஓ.ஜி.எல். மட்டும் 2000-ல் எழுதியபடியே நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கசிந்த 1.1-ல் அந்தச் சொல் இருந்தது. பதிப்பாளர்களின் எழுத்தின் மீது விசார்ட்ஸுக்குக் கிடைக்கும் உரிமையை விவரிக்கும் இடத்தில்!

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபணை மனுவில் கையெழுத்திட்டார்கள். பலர் டி அண்ட் டி பியாண்ட் சந்தாவை ரத்து செய்தார்கள். கசிந்தது வரைவுதான் என்று விளக்கம் சொன்ன விசார்ட்ஸ், அந்த மாதமே 1.2 என்ற அடுத்த வரைவைக் கருத்துக் கேட்புக்கு வைத்தது. ராயல்டி போய்விட்டது. ஆனால் விர்ச்சுவல் டேபிள் டாப் கொள்கை என்று ஒன்று சேர்ந்திருந்தது. மேஜிக் மிசைல் மந்திரத்தின் டேமேஜை சாப்ட்வேர் தானாகக் கழித்தால் சரி. ஆனால் அந்த மந்திரம் பறந்து போய்த் தாக்குவது போல அனிமேஷன் காட்டக்கூடாது, அது மேஜை விளையாட்டு அல்ல என்றது அது. ஒரு புரோகிராமராக இதைப் படித்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. படம் அசையலாமா கூடாதா என்று லைசென்ஸில் எழுதினால் அதை எவன் கோடாக மாற்றுவது?

15,000-க்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். 1.2-ல் வெளியிட மாட்டோம் என்றவர்கள் 88 சதவீதம். 1.0ஏ-யை ரத்து செய்வதில் அதிருப்தி என்றவர்கள் 89 சதவீதம். விர்ச்சுவல் டேபிள் டாப் கொள்கையில் அதிருப்தி 86 சதவீதம். ஜனவரி 27 அன்று விசார்ட்ஸ் முழுவதுமாகப் பின்வாங்கியது. 1.0ஏ அப்படியே தொடரும் என்றது. அதோடு எஸ்.ஆர்.டி. 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 லைசென்ஸில் வெளியிட்டது. பெயரைக் குறிப்பிட்டால் போதும், புத்தகம், ஆப், கேம், அனிமேஷன் எதுவும் செய்யலாம். கொடுத்தவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

பூட்டு இடம் மாறியது

ஆனால் பயந்தவர்கள் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். பைசோ முன்னின்று ஓ.ஆர்.சி. என்ற புதிய லைசென்ஸை 2023 ஜூனில் முடித்தது. அதே ஆண்டு நவம்பரில் பாத்பைண்டரின் விதிகளைத் திருத்தி, ஓ.ஜி.எல்.லிலிருந்து வந்தவற்றை நீக்கி வெளியிட்டது. நிறத்தை வைத்துப் பிரிக்கப்பட்ட டிராகன்கள், நல்லவன் கெட்டவன் என்ற அலைன்மென்ட் முறை, மந்திரங்களின் எட்டு வகைகள் எல்லாம் போயின. எத்தனை பக்கங்களை, எத்தனை டேட்டாபேஸ்களை மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்று யோசியுங்கள். கோபோல்ட் பிரஸும் டேல்ஸ் ஆப் த வேலியன்ட் என்று தனி விளையாட்டே கொண்டுவந்தது.

பாத்பைண்டர் பக்கம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதன் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆப் நெத்திஸ் தளத்தில் பைசோவின் அனுமதியோடு இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. பவுண்ட்ரிக்கான பாத்பைண்டர் சிஸ்டத்தை ஆர்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். விதிகள் டேட்டாவாக அதற்குள்ளேயே இலவசமாக வருகின்றன. டூல் எல்லோருக்கும் திறந்திருந்தால் புதிய பதிப்பாளர் அதன் மேலேயே தன் மாட்யூலைக் கட்டிக்கொள்ளலாம்.

டி அண்ட் டி பியாண்டும் மாறாமல் இல்லை. கோபோல்ட் பிரஸ், எம்.சி.டி.எம். போன்ற வெளிப் பதிப்பாளர்களின் புத்தகங்கள் இப்போது அங்கே விற்பனைக்கு இருக்கின்றன. அவர்களுக்கு நல்லது. ஆனால் எந்தப் புத்தகம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது தளத்தின் சொந்தக்காரர். அதில் தவறு ஒன்றுமில்லை, அவர் கடை. முன்பு லைசென்ஸில் இருந்த பூட்டு இப்போது கடை வாசலில் இருக்கிறது, அவ்வளவுதான். கிரியேட்டிவ் காமன்ஸால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

டூலில் வாங்கியது நம்முடையதா என்பதும் தனிக் கேள்வி. 2024 ஆகஸ்டில், புதிய விதிப் புத்தகம் வரும்போது பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வந்துவிடும் என்று அந்தத் தளம் அறிவித்தது. கூச்சல் எழுந்த பிறகு சில நாட்களில் கைவிட்டது. அந்தப் புத்தகம் 2024 செப்டம்பரில் வந்தது. அதற்கான எஸ்.ஆர்.டி. 5.2 கிரியேட்டிவ் காமன்ஸில் வந்தது 2025 ஏப்ரலில். இடைப்பட்ட ஏழு மாதம் தேர்ட் பார்ட்டி பதிப்பாளர்கள் பழைய எஸ்.ஆர்.டி.யையே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நீங்களே எழுத வேண்டுமா?

கதை எழுதவோ சிறிய டூல் செய்யவோ ஆசை இருந்தால் எஸ்.ஆர்.டி. பி.டி.எப்.பை டவுன்லோட் செய்யுங்கள். முதல் பக்கத்தில் உள்ள அங்கீகார வாசகத்தை அப்படியே உங்கள் புத்தகத்திலோ ஆப்பின் அபவுட் பக்கத்திலோ போட வேண்டும். ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும் என்று குறிப்பிடலாம். டி அண்ட் டி லோகோவைப் போடக்கூடாது. எஸ்.ஆர்.டி.யில் இல்லாத பூதத்தைத் தொடாதீர்கள். வேர்டில் நேராக எழுதாமல், பூதங்களையும் மந்திரங்களையும் ஸ்ப்ரெட்ஷீட்டிலோ ஜேசன் பைலிலோ முதலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பி.டி.எப். எடுங்கள். பிறகு எந்த டூலுக்கும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி மாற்றிவிடலாம். வாங்குபவருக்கு பி.டி.எப்.புடன் அந்த டேட்டா பைலையும் கொடுத்துவிடுங்கள். எங்கள் நண்பருக்கு அப்படி ஒரு பைல் கிடைத்திருந்தால் மூன்று மாலைகள் மிச்சமாகியிருக்கும்.

மொழிபெயர்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் எஸ்.ஆர்.டி. பூதங்களைத் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறேன். "சேவிங் த்ரோ"வுக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. "தப்பும் உருட்டல்" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். கோபிளினையும் சேர்த்து இதுவரை பன்னிரண்டு முடிந்திருக்கின்றன.